ஒட்டகத் தடத்தில் ஒரு கூண்டு வண்டி



ஆஸ்திரேலியா என்றதும் உங்கள் நினைவில் கங்காருவும் கிரிக்கெட் மைதானமும் தோன்றும். ஒட்டகமும் பேரீச்சை மரமும் பள்ளிவாசலும் தோன்றுவதில்லை. இந்நாட்டில் குடியேறிப் பல்லாண்டுகள் கழிந்த பின்பும் எனக்கு அப்படித்தான் இருந்தது.

அடிலெய்டு நகரில் லிட்டில் கில்பர்ட் தெரு என்றொரு குறுகிய தெரு உண்டு. அங்கே நான்கு மினாராக்களுடன் கற்சுவர்ப் பள்ளிவாசல் ஒன்று நிற்கிறது. 1888, 1889 ஆம் ஆண்டுகளில் எழுப்பப்பட்டது அது. மினாராக்கள் 1903 ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அதன் முற்றத்தில் நின்றிருந்தபோது, பதினேழு வயது நிரம்பிய என் மகன் கேட்டான்: "வாப்பா, அந்தக் காலத்தில் இப்படியொரு பள்ளியைக் கட்டும் அளவுக்கு முஸ்லிம்கள் இங்கே எங்கிருந்து வந்தார்கள்?"

எனக்கு விடை தெரியவில்லை. பள்ளியில் இருந்த பெரியவர் ஒருவர்தாம் சொன்னார்: "ஒட்டகக்காரர்கள் கட்டியது தம்பி. அவர்களைப் பற்றி அறிய வேண்டுமானால் வடக்கே மரீ என்னும் ஊருக்குப் போய்ப் பாருங்கள்."

மரீ இங்கிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர். பாலைநிலத்தின் வாசலில் இருக்கும் சிற்றூர். அங்கே சென்று வந்த கதையையும், செல்வதற்காக நாங்கள் சொந்தக் கையால் அமைத்த வண்டியின் கதையையும் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

ஒட்டகம் வந்த வரலாறு

முதலில் ஒட்டகக்காரர்களைப் பற்றிச் சுருக்கமாக அறிந்துகொள்ளுங்கள்.

1860 ஆம் ஆண்டு பர்க், வில்ஸ் என்பாரின் ஆய்வுப் பயணத்திற்காகக் கராச்சியிலிருந்து 24 ஒட்டகங்களும் அவற்றைப் பராமரிக்கச் சில ஆட்களும் மெல்போர்னில் வந்திறங்கினர். 1866 இல் தாமஸ் எல்டர் என்ற செல்வந்தர் நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களையும் 31 ஆட்களையும் போர்ட் அகஸ்டா துறைமுகத்தில் இறக்கினார். அது முதல் சுமார் அறுபது ஆண்டுகள், இரயிலும் சாலையும் எட்டாத உள்நாட்டிற்கு மாவு, தேயிலை, தந்திக் கம்பி, தண்டவாளம் என அனைத்தையும் ஒட்டகங்களே சுமந்தன. திரும்பும்போது ஆட்டு ரோமப் பொதிகளைக் கொண்டுவந்தன.

இம்மனிதர்களை எல்லோரும் "ஆப்கானியர்" என்றே அழைத்தனர். உண்மையில் பலுசிஸ்தான், பெஷாவர், சிந்து, பஞ்சாப், காஷ்மீர் எனப் பல பகுதிகளிலிருந்து வந்தவர்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள். அந்தப் பெயரின் வால்தான் இன்று அடிலெய்டிலிருந்து டார்வின் வரை ஓடும் "கான்" இரயிலின் பெயராக எஞ்சியிருக்கிறது.

பிக்கப் வண்டியைத் தேர்ந்த காரணம்

இனி எங்கள் வண்டிக்கு வருவோம். பாலைநிலத்துச் சிற்றூர்களில் தங்கும் விடுதிகள் குறைவு, கட்டணமோ அதிகம். ஹலாலான உணவு கிடைப்பது அரிது. சமையலும் படுக்கையும் உள்ள பெரிய வேன்களை வாடகைக்கு எடுக்கலாம் என்றால், பள்ளி விடுமுறைக் காலத்து வாடகை எங்கள் கைக்கு எட்டவில்லை. மேலும் பல நிறுவனங்கள் அவ்வேன்களை மண் சாலையில் ஓட்ட அனுமதிப்பதில்லை.

எங்களிடம் இருந்தது பழைய பிக்கப் வண்டி. முன்புறம் இரண்டு வரிசை இருக்கைகள். பின்புறம் ஏறக்குறைய ஆறடிக்கு ஆறடி திறந்த சுமைத்தளம். இந்நாட்டில் இதனை "யூட்" என்பார்கள். 1934 இல் ஜீலாங் நகரத்து ஃபோர்டு தொழிற்சாலையில் லூ பேண்ட் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்தது முதல் யூட். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாதா கோவிலுக்குப் போகவும், மறுநாள் பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும் ஒரே வண்டி வேண்டும் என்று விவசாயி ஒருவரின் மனைவி எழுதிய கடிதமே அதற்குக் காரணம் என்பர். நாங்கள் அதே வண்டியை வேறு விதமாகப் பயன்படுத்தினோம் என்று என் மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

நான் தொழிலால் வெல்டர். இருபது ஆண்டுகளாக இரும்போடு உறவாடி வருபவன். சுமைத்தளத்தின் மேல் கூண்டு ஒன்று அமைத்து, அதனுள் எங்கள் இருவருக்கும் படுக்கை. மகனுக்குத் தரையில் "சுவாக்" எனப்படும் கித்தான் உறைப் படுக்கை. இதுவே திட்டம். நம் ஊர்க் கூண்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மாடு மட்டும் இல்லை.

முதல் கூண்டும் எடை மேடையும்

இங்கே நான் செய்த பிழையை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

வலுவாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் கனத்த இரும்புச் சதுரக் குழாய்களால் சட்டம் பற்றவைத்தேன். பதினெட்டு மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையால் சுவரும் கட்டிலும். அதற்கடியில் பெரிய இழுப்பறைகள். பின்கோடியில் 120 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. இரண்டு பேட்டரிகள். அருகில் நின்று சாமான் எடுத்துக் கொடுத்த மகன் ஒருநாள் மெதுவாகச் சொன்னான்: "வாப்பா, பாரம் கூடிவிட்டது போலிருக்கிறதே. கணக்குப் போட்டுப் பார்ப்போமா?"

"இருபது வருடம் இந்த வேலை செய்கிறேன், எனக்குத் தெரியாதா?" என்றேன். அதன் பிறகு அவன் பேசவில்லை.

எல்லாம் முடிந்து சாமான்களை ஏற்றி, வெள்ளோட்டம் பார்த்தபோது வண்டியின் முகம் மேலே தூக்கி நின்றது. ஸ்டியரிங் கையில் பிடிபடாமல் மிதந்தது. என் தாய்வழிப் பாட்டனார் பாளையங்கோட்டைப் பக்கம் மாட்டு வண்டி வைத்திருந்தவர். "முன்பாரமானால் மாடு சாகும், பின்பாரமானால் வண்டிக்காரன் சாவான்" என்று அவர் சொல்வதைச் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். கேட்டும் மறந்திருந்தேன்.

பொது எடை மேடைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். எங்கள் வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,780 கிலோ. மேடை காட்டியது 2,930. சட்டப்படி அது குற்றம். விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிரிக்கும். இவை இரண்டையும் விட, மண் சாலையின் அதிர்ச்சியில் அச்சோ வில்பட்டையோ ஒடிந்தால், தண்ணீரில்லாத வெளியில் என் குடும்பம் நிற்கும். அந்த எண்ணம் என்னை உலுக்கியது.

மகன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நான் அன்றே சொன்னேனே" என்று அவன் சொல்லியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஸ்பானரை எடுத்து வந்து, "கழற்றுவோமா வாப்பா?" என்று மட்டும் கேட்டான்.

இரண்டாம் கூண்டு

நீங்களோ, வெளிநாட்டிலிருக்கும் உங்கள் பிள்ளைகளோ இப்படியொரு முயற்சியில் இறங்கக்கூடும். ஆகவே இரண்டாம் முறை செய்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் மரத்தையும் இரும்பையும் தொடாதீர்கள், காகிதத்தை எடுங்கள். அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழியுங்கள். எங்கள் வண்டி முழு எரிபொருளுடன் 1,850 கிலோ. மீதி 930. அதில் எங்கள் மூவரின் எடை 205 கிலோ. எஞ்சிய 725 கிலோவுக்குள்தான் கூண்டு முதல் குழம்புச் சட்டி வரை அனைத்தும் அடங்க வேண்டும். இக்கணக்கை மகன் எழுதினான். நான் அவன் சொன்னதைக் கேட்டேன்.

இரும்புக்குப் பதில் அலுமினியக் குழாய். பட்டறைகளில் மிஞ்சும் துண்டுத் தகடுகளை மலிவாக வாங்கி ரிவெட் அடித்தோம். கட்டிலுக்கு மட்டும் பன்னிரண்டு மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை. இழுப்பறைகளை நீக்கிவிட்டுப் பிளாஸ்டிக் பெட்டிகளை வைத்தோம். 340 கிலோவாக இருந்த கூண்டு 165 ஆகக் குறைந்தது. சுமைத்தளத்தைத் துளைத்துப் போல்ட் இறக்கி, அடியில் தடித்த தகட்டு வாஷர் கொடுத்து முடுக்கினோம். வெறும் கயிறும் பட்டையும் போதும் என்று எண்ணிவிடாதீர்கள்.

தண்ணீரை 100 லிட்டராக்கி, தொட்டியைக் கோடியிலிருந்து எடுத்து, ஓட்டுநர் அறையை ஒட்டி முன்னால் தாழ்வாக வைத்தோம். ஒரு தொட்டி ஓட்டையானாலும் மற்றது காக்கும் என்பதால் இரண்டாகப் பிரித்தோம். பேட்டரி ஒன்றே போதும் என்றாயிற்று. ஈய பேட்டரியில் அதன் கொள்ளளவில் பாதிக்கு மேல் செலவழித்தால் அதன் ஆயுள் குறையும். ஆகையால் கூரையில் ஒரு சூரியத் தகடு பொருத்தினோம். பேட்டரியிலிருந்து புறப்படும் கம்பியில், பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் வைக்க மறவாதீர்கள். அதிர்வில் கம்பி உரசினால் தீப்பிடிக்கும் இடம் அதுதான்.

புழுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓடும் வண்டியின் பின்புறம் காற்றழுத்தம் குறைவதால், பின்னால் எழும் புழுதி சிறு இடுக்கு வழியாகவும் உள்ளே உறிஞ்சப்படும். கதவுகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டினால் மட்டும் போதாது. கூண்டின் முன்பக்கம் உயரத்தில் சிறு காற்று வழி அமைத்தால், உட்புகும் காற்று உள்ளிருந்து வெளியே தள்ளிப் புழுதியைத் தடுக்கும். இது மகன் படித்துச் சொன்னது.

இரவில் இரு பக்கமும் சிறு சன்னல்கள் திறந்திருக்கட்டும். இல்லையேல் மூச்சின் ஈரம் தகட்டில் படிந்து போர்வையில் சொட்டும். எவ்வளவு குளிரானாலும் கூண்டினுள் அடுப்போ கரியோ எரிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோகும். வண்டி ஓடும்போது கூண்டில் எவரையும் உட்கார வைக்கவும் கூடாது. வண்டியை மாற்றியமைக்கும் முன் அவ்வப்பகுதியின் விதிகளைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

செலவு? அலுமினியம் 620 டாலர், ஒட்டுப்பலகை 240, கீல், தாழ், ரப்பர் வகை 180, மெத்தை 150, பழைய குளிர்பெட்டி 450, பேட்டரியும் அதன் சாமான்களும் 380, சூரியத் தகடு 130, தண்ணீர்த் தொட்டிகள் 90, வண்ணமும் போல்ட்டும் 110. ஆக 2,350 டாலர். முதல் கூண்டில் வீணான 700 டாலரை என் பாடக் கட்டணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரங்களையும் நாற்காலிகளையும் என் மனைவி இரக்கமின்றிக் குறைத்தாள். மூவருக்கு மூன்று தட்டு, ஒரு குக்கர், ஒரு வாணலி. மறுபடி எடை மேடை ஏறினோம்: 2,655 கிலோ. அல்ஹம்துலில்லாஹ்.

வடக்கு நோக்கி

ஜூலை மாதத்தில் புறப்பட்டோம். அங்கே அது குளிர்காலம். பாலைக்குச் செல்ல ஏற்ற பருவம். கோடையில் அந்நிலம் நெருப்பு.

போர்ட் அகஸ்டாவைக் கடந்து, பிச்சி ரிச்சி கணவாய் வழியே குவார்ன், ஹாக்கர் என்னும் ஊர்களைத் தாண்டினால், வலப்புறம் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர் செந்நிறத்தில் நெடுந்தொலைவு கூடவே வருகிறது. வழியெங்கும் கூரையிழந்த கல்வீடுகள். இதற்கொரு காரணம் உண்டு. 1865 ஆம் ஆண்டில் ஜார்ஜ் கோய்டர் என்ற நில அளவை அதிகாரி, மழையை நம்பிப் பயிர் செய்யக்கூடிய எல்லை இதுதான் என்று வரைபடத்தில் ஒரு கோடு வரைந்தார். பின்னர் சில ஆண்டுகள் நல்ல மழை பெய்யவே, மக்கள் கோட்டைக் கடந்து சென்று கோதுமை விதைத்தார்கள். அப்புறம் வழக்கமான வறட்சி திரும்பியது. வீடுகள் மட்டும் மிஞ்சின. மரீக்குச் சற்று முன்னால் ஃபரீனா என்ற பாழூர் இருக்கிறது. மாவு என்று பொருள்படும் சொல் அது. கோதுமை விளையும் என்ற நம்பிக்கையில் வைத்த பெயர்!

மாலை மயங்கும் முன் வண்டியை நிறுத்திவிடுவோம். கங்காருக்கள் அந்தியிலும் இரவிலும்தாம் சாலையில் பாயும். கூண்டின் பக்கக் கதவைத் தூக்கி முட்டுக் கொடுத்தால் அதுவே கூரை. அதன் கீழ் அடுப்பு. வீட்டிலிருந்து உறைய வைத்துக் கொண்டுவந்த இறைச்சி முதல் மூன்று நாளைக்கு. பிறகு பருப்பும் கருவாடும். மூவருக்கும் குடிக்க, சமைக்க, உளூச் செய்ய எனத் தண்ணீரை அளந்து செலவழித்தோம். ஒரு குவளையில் உளூவை முடிக்க என் மகன் பழகிக்கொண்டான். வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு நிற்பவன் அவன்.

தொழுகைக்குத் திசைகாட்டியை எடுத்தபோது வியப்பொன்று காத்திருந்தது. அங்கும் கிப்லா, நம் தமிழ்நாட்டைப் போலவே மேற்கே, சற்று வடக்குச் சாய்ந்து. எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்தும், சூரியன் மறையும் பக்கம் முகம் திருப்பி நின்றபோது சொந்த ஊரின் மொட்டைமாடியில் நிற்பது போலிருந்தது.

மரீ

மரீயில் இறங்கியதும் நீங்கள் முதலில் காண்பது இரயில் நிலையம். இரயில் இல்லாத நிலையம். 1884 இல் இருப்புப் பாதை இவ்வூரை எட்டியது. 1891 இல் ஊட்நடட்டாவுக்கும், 1929 இல் அலைஸ் ஸ்பிரிங்ஸுக்கும் நீண்டது. 1980 இல் இப்பாதை கைவிடப்பட்டது. பழைய எஞ்சின்கள் வெயிலில் துருவேறி நிற்கின்றன.

அக்காலத்தில் தண்டவாளம் ஊரை இரண்டாகப் பிரித்திருந்தது. ஒரு புறம் ஐரோப்பியர். மறுபுறம் ஒட்டகக்காரர்களும் ஆதிக்குடியினரும். உயிரோடிருக்கும்போது மட்டுமல்ல, மையவாடியிலும் தனித்தனிப் பகுதிகள்.

தண்டவாளத்தின் அருகே அந்தப் பள்ளிவாசலைப் பார்த்தோம். மூலப் பள்ளி என்றோ அழிந்துவிட்டது. அதன் நினைவாகப் பிற்காலத்தில் அமைத்த மாதிரிதான் இப்போது இருப்பது: மரக்கம்பங்கள், வேய்ந்த கூரை, முன்னால் உளூவுக்கான தடாகத்தின் அமைப்பு. நம் ஊர்த் தென்னந்தோப்பில் காவல் குடிசை இருக்குமே, அவ்வளவுதான் அளவு. அடிலெய்டின் கற்பள்ளியை மனத்தில் வைத்துக்கொண்டு வந்த என் மகன் சிறிது நேரம் பேசாமல் நின்றான். பிறகு செருப்பைக் கழற்றினான். மூவரும் லுஹரைக் கஸ்ராகத் தொழுதோம்.

இம்மனிதர்களில் பெரும்பாலோர் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் தனியாக வந்தவர்கள். 1901 க்குப் பிறகு வெள்ளையர் மட்டும் என்ற கொள்கை சட்டமானபோது, இவர்களுக்குக் குடியுரிமை மறுக்கப்பட்டது. ஊரிலிருந்து மனைவி மக்களை அழைத்துவரும் வழியும் அடைபட்டது. சிலர் ஆதிக்குடிப் பெண்களையும் ஐரோப்பியப் பெண்களையும் மணந்து இங்கேயே வேரூன்றினர். அந்த வழித்தோன்றல்கள் இன்றும் இந்நாட்டில் வாழ்கிறார்கள். மற்றவர்கள் தனியே முதுமையடைந்தார்கள். இதைச் சொன்னபோது என் மனைவி, "இவர்களுடைய வீட்டுப் பெண்கள் அங்கே எத்தனை வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்!" என்றாள். வளைகுடாவில் கணவரையும் மகனையும் வைத்துக்கொண்டு நாட்களை எண்ணும் உங்களில் பலருக்கு அந்தச் சொல்லின் பாரம் புரியும். நான் வளைகுடாவில் இருந்த ஆறு ஆண்டுகள் அவளும் அப்படி எண்ணியவள்தான்.

மரீயின் மனிதர்களுள் ஒருவரை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். பெஜா தர்வேஷ் என்பது அவர் பெயர். பலுசிஸ்தானில் பிறந்து, இந்தியப் படையில் பணியாற்றிவிட்டு, 1890 வாக்கில் ஒட்டகங்களோடு வந்தவர். 1896 இல் லாரன்ஸ் வெல்ஸ் தலைமையில் கிரேட் சாண்டி பாலைவனத்தைக் கடந்த ஆய்வுக் குழுவுக்கு ஒட்டகங்களை நடத்திச் சென்றார். அப்பயணத்தில் பிரிந்து சென்ற இருவர் தாகத்தால் மாண்டனர். ஒட்டகங்களைக் காப்பாற்றிக் குழுவைக் கரைசேர்த்த பெஜாவுக்கு, வெல்ஸ் தம்முடைய திசைகாட்டியையே பரிசாக அளித்தார். முதுமையில் மரீயில் பேரீச்சை வளர்த்து வாழ்ந்த பெஜா 1957 இல் மறைந்தார். அவருடைய மகன் ஜாக் பெஜா, 1939 இல் சிம்ப்சன் பாலைவனத்தைக் கடந்த சிசில் மாடிகனின் குழுவில் ஒட்டகங்களை நடத்தியவர். தந்தை அறிந்ததை மகன் கற்று, மகன் போன வழியைத் தந்தை இருந்து கண்டிருக்கிறார்.

ஒட்டகத்தின் இருபுறமும் பொதியின் எடை சமமாயிருக்க வேண்டும். இல்லையேல் சேணம் சரிந்து முதுகு புண்ணாகும். புண்ணான ஒட்டகம் வழியில் படுத்துவிடும். வலுவான ஆண் ஒட்டகம் 500 கிலோ வரை சுமக்கும் என்றாலும், எந்த ஒட்டகத்திற்கு எவ்வளவு என்பதை ஏற்றுபவன் அறிந்திருக்க வேண்டும். எடை மேடை இல்லாத காலத்தில் அவர்கள் கையால் தூக்கிப் பார்த்தே கணக்கிட்டார்கள். எங்கள் வண்டிக்கு எஞ்சியிருந்த 725 கிலோவை நினைத்துக்கொண்டேன்; ஒன்றரை ஒட்டகச் சுமை.

1920 களில் மோட்டார் லாரி வந்தது. ஒட்டகத்திற்கு வேலை போயிற்று. 1925 இல் தெற்கு ஆஸ்திரேலியா ஒட்டகங்களை அழிப்பதற்கென்றே சட்டம் இயற்றியது. வளர்த்த கைகளுக்குச் சுட மனம் வரவில்லை. பலர் அவற்றை அவிழ்த்துப் பாலையில் விட்டார்கள். அவை பெருகின. 2009 முதல் 2013 வரை அரசுத் திட்டத்தின்கீழ் சுமார் 1,60,000 காட்டு ஒட்டகங்கள் அகற்றப்பட்டன. அப்படியிருந்தும் உலகில் காட்டு ஒட்டகங்கள் மிகுதியாக உள்ள நாடு ஆஸ்திரேலியாவே. ஒட்டகத்தின் பிழைப்பைப் பறித்த லாரியின் இனத்தைச் சேர்ந்ததுதான் நாங்கள் ஏறிவந்த வண்டியும். அதை நினைக்கையில் சற்றுக் கூச்சமாகவே இருந்தது.

ஊற்றுகளின் வழி

மரீயிலிருந்து மேற்கே போகும் மண் சாலை ஊட்நடட்டா தடம் எனப்படுகிறது. மழை பெய்தால் அடைத்துவிடுவார்கள். சாலை திறந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, போகும் இடத்தையும் திரும்பும் நாளையும் அடிலெய்டில் நண்பரிடம் சொல்லிவிட்டே புறப்பட்டோம். கைப்பேசி அங்கே பயன்படாது. வண்டி பழுதானால் நடந்து போகாதீர்கள்; வண்டியோடு இருப்பவரைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிது.

உழவுச்சால் போலக் குறுக்கே வரிவரியாய் மேடிட்ட சாலை. டயரின் காற்றைக் குறைத்து, வேகத்தையும் குறைத்து ஓட்டினோம். வலப்புறம் ஏர் ஏரியின் தென்பகுதி உப்பு வெள்ளையாய் விரிந்து கிடந்தது. அதன் அடித்தளம் கடல்மட்டத்திற்கும் கீழே. அந்நிலத்தின் ஆதிக்குடியினர் அரபானா மக்கள். பெயரைக் கேட்டு அரபியரோ என்று எண்ணவேண்டாம், தொடர்பு ஏதுமில்லை. 2012 இல் நீதிமன்றம் அவர்களின் நிலவுரிமையை ஏற்றுக்கொண்டது.

அவ்வறண்ட வெளியில் மேடுகளின் உச்சியில் தண்ணீர் கொப்பளிக்கிறது. தொலைவில் என்றோ பெய்த மழை, நிலத்தடிப் பாறைகளினூடே இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஊர்ந்து வந்து இங்கே வெளிப்படுகிறது. அரபானா மக்கள் அறிந்து காத்த இவ்வூற்றுகளைப் பின்பற்றியே ஆய்வாளர்களும், 1872 இல் தந்திக் கம்பியும், ஒட்டகமும், இரயிலும் சென்றன.

கவர்ட் ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்தில் இரவு தங்கினோம். பழைய இரயில் நிலையத்தின் பக்கத்தில் பேரீச்சை மரங்கள், நூறாண்டு கடந்தவை, கூட்டமாக நிற்கின்றன. அவற்றின் அடியில் எங்கள் கூண்டு. நள்ளிரவில் விழித்தபோது சன்னல் வழியே கீற்றுகளுக்கிடையில் விண்மீன்கள். கீழே சுவாக்கினுள் மகன் உறங்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் திரும்பும்போது சாவியை அவனிடம் கொடுத்தேன். பயிற்சி உரிமம் வைத்திருப்பவன். நான் பக்கத்தில் அமர்ந்தேன். நாற்பது கிலோமீட்டர் போயிருப்போம். சட்டென்று வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினான்.

"பின்னால் ஒரு சத்தம் மாறுகிறது வாப்பா."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. 'ஒன்றுமில்லை, ஓட்டு' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு இறங்கினேன். கூண்டின் இடப்பக்கப் பின்மூலை போல்ட்டில் நட்டு ஏறத்தாழக் கழன்றிருந்தது. இன்னும் சில கிலோமீட்டரில் விழுந்திருக்கும். மற்ற மூலைகளும் தளரத் தொடங்கியிருந்தன. எல்லாவற்றையும் முடுக்கி, இரட்டை நட்டுப் போட்டோம். கழலாத வகை நட்டை நான் முதலிலேயே போட்டிருக்க வேண்டும். நீங்கள் செய்யும்போது மறவாதீர்கள்.

"எப்படியடா கேட்டது உனக்கு?" என்று வியந்தேன்.

"நீங்கள் பேசிக்கொண்டே வந்தீர்கள் வாப்பா" என்றான். பின் இருக்கையில் அவன் உம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

மரீயில் மீண்டும் நிறுத்தி, மையவாடியின் வெளியே நின்று அங்கே அடங்கியிருப்போருக்காக துஆச் செய்தோம். அவர்களுள் பலருடைய பெயர்கூட நமக்குத் தெரியாது.

வாசகர்களே, உங்கள் உறவினர் எவரேனும் அடிலெய்டில் இருந்தால், லிட்டில் கில்பர்ட் தெருப் பள்ளியில் ஒரு வக்தாவது தொழச் சொல்லுங்கள். விடுமுறை கிட்டினால் மரீ வரை சென்றுவரச் சொல்லுங்கள். ஒரு வேளை அவர்கள் சொந்தமாகக் கூண்டு அமைக்கத் துணிந்தால், முதலில் எடை மேடைக்குப் போகச் சொல்லுங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். எங்கள் கூண்டு இன்னும் வண்டியின் மேல்தான் இருக்கிறது. இன்ஷா அல்லாஹ், அடுத்த குளிர்காலத்தில் ஒட்டகக்காரர்களின் இன்னொரு ஊரான புரோக்கன் ஹில் செல்ல எண்ணியிருக்கிறோம். இம்முறை கணக்குப் புத்தகம் மகனின் கையில்.

வஸ்ஸலாம்.